பலாலி: வடக்கே பார்த்த ஓடுபாதை

கேள்வி இதுதான்: சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானம் ஓடுகிறதாமே, அந்த விமான நிலையம் புதிதாகக் கட்டியதா, அதற்கு முன் அங்கே என்ன இருந்தது, குடும்பத்தோடு போய்வரத் தோதுப்படுமா?

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில்: பெயர்ப் பலகை புதிது, ஓடுபாதை பழையது. 2019 அக்டோபரில் 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்' என்று பெயர் வைத்தார்கள். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "பலாலிக்குப் போறன்" என்றால் போதும், ஓட்டோக்காரருக்கு விளங்கிவிடும். இந்தப் பலாலி சுதந்திர இலங்கையை விட வயதில் மூத்தது.

யாழ்ப்பாண நகரத்திலிருந்து வடக்கே பலாலி வீதியைப் பிடித்துத் திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன், வசாவிளான் என்று போனால் பதினாறு பதினேழு கிலோமீட்டரில் வந்துவிடும். வழி நெடுக வலிகாமம் என்ற அந்தப் பகுதியின் செம்மண். வெங்காயம், புகையிலை, வாழை, மரவள்ளி எல்லாம் செழித்து வளரும் மண். விமானத் தளம் போட்டதும் அந்த மண்ணில்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தளத்தைப் போட்டது பிரித்தானிய விமானப்படை, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில். போர் முடிந்ததும் அவர்கள் போய்விட்டார்கள், ஓடுபாதை மிஞ்சியது. இலங்கை அரசு ஏர் சிலோன் என்ற நிறுவனத்தைத் தொடங்கி மூன்று டக்கோட்டா விமானங்களை வாங்கியது. சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்ராதேவி என்று மூன்றுக்கும் பெண் பெயர்கள். 1947 டிசம்பர் 10ஆம் தேதி சீதாதேவி தன் முதல் சேவைக்காகக் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து கிளம்பியது. போன வழியைப் பாருங்கள்: இரத்மலானை, காங்கேசன்துறை, சென்னை. அந்தக் காங்கேசன்துறைதான் நம் பலாலி. அன்றைய பட்டியல்களில் துறைமுகத்தின் பெயரே விமான நிலையத்துக்கும் நின்றது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஆக, அந்த நாட்டின் விமான நிறுவனம் தன் முதல் சேவையிலேயே யாழ்ப்பாணத்தைத் தொட்டுக்கொண்டு சென்னைக்குத்தான் பறந்திருக்கிறது.

திருச்சிக்கும் அப்போதே விமானம் போனது. 1949 டிசம்பரில் விகாரமகாதேவி திருச்சியில் தரையிறங்கும்போது விபத்தில் சிக்கி, அதற்குப் பிறகு பறக்காமலே போனது. இன்று திருச்சி–யாழ்ப்பாணம் சேவையைப் புதுமை என்று செய்தியில் சொல்லும்போது எனக்கு அந்த டக்கோட்டாதான் நினைவுக்கு வரும்.

ஏன் திருச்சியும் சென்னையும்? வரைபடத்தை எடுத்து நூல் பிடித்துப் பாருங்கள். பலாலியிலிருந்து திருச்சி நேர்க்கோட்டில் ஏறக்குறைய 180 கிலோமீட்டர். சென்னை 350 சொச்சம். கொழும்பு 330 அளவில். அதாவது தன் நாட்டுத் தலைநகரம் இருக்கும் தூரத்தில் பாதிக்குச் சற்று மேல் போனாலே காவிரிக் கரையில் இறங்கிவிடலாம். காங்கேசன்துறைக்கும் கோடியக்கரைக்கும் நடுவே கடல் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். என் பெரியம்மாவின் கல்யாணக் கூறைச்சேலை அப்படிக் கடல் தாண்டி வந்ததுதான். "கொழும்புக்குக் கோச்சியில் (ரயிலில்) போய் வாறதுக்குள்ளே திருச்சிக்குப் போய்ச் சேலையும் எடுத்துச் சமயபுரத்தையும் கும்பிட்டு வந்திடலாம்" என்று அவர் சொல்லுவார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார். ஆனால் கணக்கு பெரிதாகப் பிழைக்காது.

1978 செப்டம்பர் 7இல், இலங்கையின் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அதே நாளில், பலாலியிலிருந்து போய் இரத்மலானையில் இறங்கியிருந்த ஏர் சிலோனின் ஆவ்ரோ விமானம் ஒன்று குண்டு வெடித்து எரிந்தது. பயணிகள் இறங்கிய பிறகு வெடித்ததால் உயிர்ச்சேதம் இல்லை. வைத்தவர்கள் தமிழ்ப் போராளிகள். ஏற்கெனவே கடனில் தள்ளாடிக்கொண்டிருந்த ஏர் சிலோனும் அந்த ஆண்டுக்குப் பிறகு இல்லை. அடுத்த ஆண்டு அதன் இடத்தில் ஏர் லங்கா வந்தது. அதற்குச் சிங்கப்பூரும் லண்டனும் தெரிந்த அளவுக்குப் பலாலி தெரியவில்லை.

பிறகு பலாலி என்றால் படைத்தளம். 1987 ஜூலை இறுதியில் இந்திய அமைதிப் படை வந்து இறங்கியது இங்கேதான். வடக்கேயிருந்து பலாலிக்கு விமானங்கள் வரிசையாக வந்தன, ஒன்றிலும் பயணிகள் இல்லை. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபோது தளத்தைச் சுற்றியிருந்த ஊர்கள் ஒரேயடியாகக் காலியாகின. பலாலி, வசாவிளான், மயிலிட்டி, காங்கேசன்துறை, மாவிட்டபுரம் என்று 'வலிகாமம் வடக்கு' எனப்படும் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தது. "ரெண்டு நாளில் திரும்பிவரலாம்" என்று கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனவர்கள் பலர். அவர்களில் எத்தனையோ பேருக்கு அந்த இரண்டு நாள் முப்பது வருடமானது. பொதுமக்கள் நுழைய முடியாதபடி இராணுவம் வைத்துக்கொண்ட அந்தப் பகுதிக்கு உயர் பாதுகாப்பு வலயம் என்று பெயர் வந்தது.

அப்புறம் ஒரு விசித்திரம் நடந்தது. 1995 டிசம்பரில் யாழ் நகரம் இராணுவத்தின் கையில் வந்தது. தெற்கே உள்ள வன்னி புலிகளிடம் இருந்ததால், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி மூடிக்கிடந்தது. இரயில் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில், அதாவது தீபகற்பத்தில், இலட்சக்கணக்கான ஆட்கள். வெளியே போகத் திருகோணமலைக்குக் கப்பல், இல்லையென்றால் பலாலியிலிருந்து இரத்மலானைக்கு விமானம். தனியார் விமானங்கள் பொதுமக்களை ஏற்றத் தொடங்கின. போர் மக்களிடமிருந்து பறித்த விமான நிலையத்தைப் போரே அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது, ஆனால் தெற்கே மட்டும்.

1998 செப்டம்பர் 29இல் பலாலியிலிருந்து கிளம்பிய லயன் எயாரின் அன்டனோவ்-24 விமானம் சில நிமிடங்களில் ராடாரிலிருந்து மறைந்தது. பயணிகள் 48, பணியாளர்கள் 7, மொத்தம் 55 பேர். பயணிகளில் பெரும்பாலோர் தமிழ்ப் பொதுமக்கள். இராணுவத்தினரை ஏற்ற வேண்டாம் என்று விமான நிறுவனத்துக்குப் புலிகள் எச்சரிக்கை விடுத்திருந்தார்கள். ஏவுகணையால் விழுத்தப்பட்டது என்பது பிறகு தெளிவானது. உடைந்த பாகங்கள் மன்னார்க் கடலில் இரணைதீவுக்கு அருகே கிடைத்தது 2012இல்தான். பதினான்கு வருடம் அந்த வீடுகளில் திவசம் கொடுப்பதா, காத்திருப்பதா என்று தெரியாமல் இருந்தார்கள். பலாலியின் வரலாற்றை எழுதும் பலர் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் இன்றும் சிலர் சின்ன விமானம் என்றாலே ஏற யோசிப்பதற்கு இந்த ஒரு நாள்தான் காரணம்.

அந்தச் சம்பவத்தோடு பயணிகள் சேவை நின்றது. 2002 போர்நிறுத்தத்தில் திரும்பத் தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் ஏ-9 வீதியும் திறந்ததால் காசிருந்தவர் பறந்தார், மற்றவர் பஸ்ஸில் போனார். 2006 ஆகஸ்டில் குடாநாட்டின் வாசலான முகமாலையில் பாதை மறுபடி மூடப்பட்டதும் பழையபடி பலாலியே கதி.

அந்தக் காலத்தில் நானும் ஒருமுறை போனேன். அம்மாவுக்குக் கொழும்பில் சத்திரசிகிச்சை. முதலில் 'கிளியரன்ஸ்' வேண்டும். குடாநாட்டை விட்டு வெளியே போக இராணுவம் தரும் அனுமதிக்கு ஊரில் அந்த ஆங்கிலச் சொல்தான். அது கைக்கு வருவதற்குள் டிக்கெட் தேதி இரண்டு முறை மாறியது. நகரத்தில் ஓரிடத்தில் விடியவே வரச்சொல்லிப் பைகளை விரித்துப் பார்த்தார்கள். பிறகு பஸ். யன்னல்கள் வெளியே ஒன்றும் தெரியாதபடி மறைக்கப்பட்டிருந்தன. அம்மா பிறந்தது கட்டுவனில். பஸ் போகிற பாதை அவருக்குத் தெரியும், வெளியே பார்க்கத்தான் முடியவில்லை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டே "இது புன்னாலைக்கட்டுவன் சந்தி", "இப்ப வலப்பக்கம் பள்ளிக்கூடம்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டார். அங்கே போனதும் மறுபடி பைகளைக் கொட்டினார்கள். டோர்ச் லைட்டின் பற்றரியைக் கழற்றி வாங்கி வைத்தார்கள். விமானத்தில் ஏறி ஒரு மணித்தியாலம் சொச்சத்தில் இரத்மலானை. கிளியரன்சுக்கு அலைந்த நாட்களை யாரும் பயண நேரத்தில் சேர்ப்பதில்லை.

2009இல் போர் முடிந்தது. ஏ-9 முழுதாகத் திறந்தது. 2014 அக்டோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தது, 2015 தொடக்கத்தில் இரயில் காங்கேசன்துறை வரை போனது. இரவு எட்டு மணிக்கு ஏசி பஸ்ஸில் படுத்தால் விடியக் கொழும்பு. இனி யார் அத்தனை காசு கொடுத்து இரத்மலானைக்குப் பறப்பார்? விமானப்படையின் ஹெலிடூர்ஸ் என்ற பயணிகள் சேவை கொஞ்சம் ஓடியது, தனியார் சிலர் சின்ன விமானங்களோடு முயன்று பார்த்தார்கள். ஒன்றும் பெரிதாக நிலைக்கவில்லை. தரைவழி திறந்த நாளிலேயே உள்நாட்டுச் சேவையின் தேவை போய்விட்டது என்பதுதான் என் எண்ணம். பலாலி பிழைக்க வேண்டுமானால் 1947இல் பார்த்த திசையைப் பார்க்க வேண்டியிருந்தது.

அது நடந்தது 2019இல். ஜூலை 5இல் வேலை தொடங்கி, அக்டோபர் 17இல் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் திறந்துவைத்தார்கள். மூன்றரை மாத வேலை! செலவில் இலங்கை 195 கோடி இலங்கை ரூபாயும் இந்தியா 30 கோடியும் என்று அப்போது அறிவித்தார்கள். ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு மாதம் இருந்தது, அவசரத்துக்குக் காரணம் கேட்கத் தேவையில்லை. அன்று சென்னையிலிருந்து அலையன்ஸ் எயாரின் ஏடிஆர் விமானம் விருந்தினர்களோடு வந்திறங்கியது. டிக்கெட் எடுத்த பயணிகளோடு நவம்பர் 11இல் சேவை ஆரம்பமானது, வாரத்துக்கு மூன்று நாள்.

நாலு மாதம் ஓடியிருக்கும். 2020 மார்ச்சில் கொரோனா. அது ஓய்ந்ததும் இலங்கையின் பொருளாதார நெருக்கடி. 2022 டிசம்பர் 12இல்தான் சென்னை விமானம் திரும்ப வந்தது. 2024 செப்டம்பர் 1இல் இண்டிகோ சென்னையிலிருந்து தினசரிச் சேவை தொடங்கியது. 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் தொடங்கியது. என் கணிப்பில் சென்னையை விடத் திருச்சிச் சேவைக்குத்தான் அர்த்தம் அதிகம். தஞ்சாவூர், கும்பகோணம், சிதம்பரம், வேளாங்கண்ணி எல்லாம் அங்கிருந்து எட்டும் தூரம். கோயிலுக்குப் போகிற யாழ்ப்பாணத்தார் சென்னையில் இறங்கி இரவு முழுக்கப் பஸ்ஸில் தெற்கே வர வேண்டியதில்லை. மருத்துவத்துக்கும் உயர்படிப்புக்கும் போகிறவர்களுக்குச் சென்னை சரி.

இப்போது நடைமுறை விஷயங்கள்.

சென்னையிலிருந்து ஒன்றேகால் மணி நேரம், திருச்சியிலிருந்து ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பறப்பது ஏடிஆர்-72, இரண்டு பக்கமும் காற்றாடி சுழலும் விமானம், எழுபது எண்பது இருக்கை. பின்பக்கக் கதவால் ஏறுவீர்கள், முன்பக்கம் சாமான் அறை. இறக்கை யன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே நன்றாகத் தெரியும். சென்னையிலிருந்து போகும்போது வலப்பக்க யன்னல், திருச்சியிலிருந்து என்றால் இடப்பக்கம் கேளுங்கள். வானம் தெளிந்திருந்தால் கோடியக்கரை முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். சரியாகப் பார்த்து முடிப்பதற்குள் மறுகரை வந்துவிடும். காங்கேசன்துறையில் 1990இலிருந்து மூடிக்கிடக்கும் சீமெந்துத் தொழிற்சாலை, அதற்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிய குழிகளில் பச்சையாகத் தண்ணீர், பிறகு பனைகள், செம்மண். இன்னும் தாழ இறங்கும்போது பற்றைக்குள் கூரையில்லாத வீட்டுச் சுவர்கள் தெரியும். அவை ஏதோ பழைய கோட்டை என்று பக்கத்து இருக்கைக்காரர் மனைவிக்கு விளக்கியதை நான் கேட்டிருக்கிறேன். அவை வீடுகள், 1990இல் பூட்டிவிட்டுப் போனவை.

இந்திய கடவுச்சீட்டுக்காரர்கள் இலங்கைக்கான இணையவழிப் பயண அனுமதியைப் புறப்படுமுன்பே எடுத்துவிடுங்கள். கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுகின்றன, பயண வாரத்தில் அரசுத் தளத்திலேயே பார்ப்பது நல்லது. கனடா, ஐரோப்பாவிலிருந்து சென்னை வழியாக வரும் நம் ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை: இரண்டு டிக்கெட்டாக எடுத்திருந்தால் சென்னையில் பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போட வேண்டிவரும், அதற்கு இந்திய விசா வேண்டும். ஒரே டிக்கெட்டாக எடுத்துப் பெட்டி யாழ்ப்பாணம் வரை வருமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி வான் வண்டியில் எட்டு மணித்தியாலம் குலுங்கி வருவதை விட இந்த வழி எவ்வளவோ மேல், ஆனால் இந்த ஒரு இடத்தில் இடறினால் முழுப் பயணமும் கெடும்.

பெட்டி எடை விஷயத்தில் ஏடிஆர் கறார். போகும்போது சேலையும் வெள்ளிப் பாத்திரமும், வரும்போது பனங்கட்டி, ஒடியல்மா, யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் என்று நம் ஆட்கள் கட்டுகிற கட்டு அந்தச் சின்ன விமானத்துக்குக் கொஞ்சம் அதிகம். மிளகாய்த்தூளை மட்டும் மூன்று உறையில் சுற்றுங்கள். ஒருமுறை என் பெட்டியைத் திறந்த சுங்க அலுவலர் தும்மிய தும்மலில் வரிசையே சிரித்தது.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் போவதென்றால் மறுநாளைக்கு அவசர வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். இரவில் விமானம் இல்லை. நிலையம் சின்னது, பெரிய கடை கண்ணி எதிர்பார்க்காதீர்கள். கூட்டமில்லாத நாளில் குடிவரவும் சுங்கமும் கால் மணி நேர வேலை. வெளியே நகரத்துக்குப் போக ஓட்டோவும் வாடகைக் காரும் உண்டு. வாடகையை ஏறுமுன் பேசிவிடுங்கள். விமானம் ஒத்துவராவிட்டால் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலும் இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. கடல் ஒத்துக்கொள்கிற வயிறு இருந்தால் சாமான் அதிகமாகக் கொண்டுபோக அதுதான் வசதி.

'பெரிய விமானம் எப்போது வரும், துபாயிலிருந்து நேரே வரலாமா' என்று அடுத்து கேட்பார்கள். இப்போதைக்கு இல்லை. செப்பனிட்ட ஓடுபாதை ஏடிஆருக்குப் போதும், ஏர்பஸ்-320 மாதிரி ஜெட் வர இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். நீட்டலாமே என்றால் எந்தப் பக்கம் நீட்டுவது? தொடக்கத்தில் சொன்ன செம்மண் இங்கேதான் குறுக்கே வருகிறது. சுற்றியுள்ளது தனியார் காணி, காணி உறுதிப் பத்திரம் கையில் உள்ள உரிமையாளர்கள் உயிரோடு இருக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நிலம் விடுவிக்கப்படுகிறது. மயிலிட்டித் துறைமுகம் 2017இல் கிடைத்தது. வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதி 2025 ஏப்ரலில்தான் பொதுமக்களுக்குத் திறந்தது, அதுவும் பகல் நேரத்தில் மட்டும். முப்பத்தைந்து வருடம் காத்திருந்து காணிக்குத் திரும்பும் ஒருவரிடம் போய், 'ஓடுபாதைக்காக விட்டுத்தாருங்கள், ஊர் முன்னேறும்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. முதலில் இராணுவம் வைத்திருக்கும் நிலத்துக்குள் எவ்வளவு நீட்டலாம் என்று அளந்து பார்க்கட்டும். மிச்சம் வேண்டுமென்றால் உரிமையாளரைக் கூப்பிட்டு, இன்றைய விலையைச் சொல்லிக் கேட்கட்டும்.

குடும்பத்தோடு வரலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. ஆவணி நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதானால் டிக்கெட்டை இரண்டு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். அந்த இருபத்தைந்து நாளும் உலகத்தின் எல்லாத் திசையிலிருந்தும் யாழ்ப்பாணத்தார் ஊருக்கு வருவார்கள், எழுபது எண்பது இருக்கை எந்த மூலைக்கு?